ஒன்றரைக்கண் ஹம்பர்

தொலைக்காட்சி நாடகத்தில் ஒரு பழைய கார் வந்துவிட்டால் போதும், கொக்குவிலில் தம்பிராசா வீட்டு விறாந்தை வாயை மூடிக்கொள்ளும். கதாநாயகி அழுதாலும் சரி, செத்தாலும் சரி, அதை யார் பார்த்தார்கள்? எல்லாரும் தம்பிராசாவின் தங்கை புருஷன் கனகரத்தினத்தின் வாயைத்தான் பார்ப்பார்கள். மரத்துக்குப் பின்னால் மட்காட்டின் ஓரம் தெரிந்தாலே மனிசன் பேரும் வருஷமும் சொல்லிவிடுவார். ஜாகுவார், டெய்ம்லர், ரோல்ஸ் றோய்ஸ், எதிலும் பிசகியதில்லை. தம்பிராசாவுக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை. மச்சானை ஏதோ தானே பெற்று வளர்த்ததுபோல அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு இருத்திவைப்பார்.

பெருமைப்பட அந்த மனிசனிடம் வேறு என்ன மிச்சம்? எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் கடையும் வீடும் எரிந்து, உடுத்த உடுப்போடு கப்பலேறி ஊருக்கு வந்த குடும்பம் அது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். சின்னம்மா வீட்டாரை ஏற்றிவருகிறேன் என்று வீட்டு ஹம்பர் காரை எடுத்துக்கொண்டு போன ஒரே மகன் சண்முகநாதன் திரும்பி வரவில்லை. கனகரத்தினமும் மனைவி பத்மாசினியும் அகதி முகாமுக்குள். வெளியே கால் வைத்தால் உயிர் இல்லை. கடையில் வேலை செய்த சிங்களவன் சிமியோன்தான் தேடிப் போனான். நல்லவன், அந்த நாளில் வேறு யார் போவார்கள்? சந்தியில் ஒரு பெரிய கார் எரிந்து கிடக்கிறது, உள்ளே ஓர் ஆள் என்று வந்து சொல்லி அழுதான். முன்னுக்கு நீட்டு பொனெற்றா என்று கனகரத்தினம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். ஓம் என்றான். சிமியோனுக்கு ஹம்பரும் ஒன்றுதான், ஒஸ்ரினும் ஒன்றுதான். அவன் பால்மாத் தகர ரின்னில் அள்ளிவந்த சாம்பலைத்தான் கீரிமலையில் அந்தியேட்டி செய்து கடலில் கரைத்தார்கள். ஆடி வந்தால் திவசமும் கொடுக்கிறார்கள்.

மூன்றாவது திவசத்துக்கு முந்திய கிழமை ஒரு சிங்கள நாடகம் போனது. பத்மாசினிக்குத் தொலைக்காட்சியில் நாட்டமில்லை. விறாந்தை வாசலில் இருந்து மச்சாளுக்கு முருங்கையிலை உருவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பணக்கார வீட்டு முற்றத்தில் தூணுக்குப் பின்னால் ஒரு கறுத்தக் காரின் பக்கவாட்டுத் தெரிந்தது.

“ஹம்பர் சூப்பர் ஸ்னைப். ஐம்பத்திரண்டு,” என்றார் கனகரத்தினம், வாய்ப்பழக்கத்தில்.

கார் திரும்பியது. வலதுபக்க முன்விளக்கு மற்றதைவிடச் சின்னது, கொஞ்சம் நிலத்தைப் பார்த்தபடி. ஒரு முறை ஊருக்கு வந்த இடத்தில் மாட்டுவண்டியில் மோதி உடைந்தபோது, வேறு கிடைக்காமல் அச்சுவேலியில் கார் திருத்தும் கராச்சில் மொறிஸ் மைனரின் விளக்கை வாங்கி அவரே நின்று பூட்டுவித்தது. அன்றிலிருந்து பத்மாசினி அந்தக் காரை ஒன்றரைக்கண்ணன் என்றுதான் சொல்லுவாள்.

அது அவருடைய கார்தான். கார் எரியவில்லை. அப்படியானால் பிள்ளை? பாழாய்ப்போன ஆசை எங்கிருந்துதான் எழும்பி வந்ததோ, அந்தக் கணத்திலேயே நெஞ்சு முழுக்க நிறைந்துவிட்டது. இதைப் பத்மாசினி அறிந்தால் நாளையிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் றோட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பாள் என்று பயந்தார். எல்லாவற்றையும் தன்னோடேயே விழுங்கிவிடத் துணிந்தார்.

“இல்லை, பிழைச்சுப் போனன். உது ஒஸ்ரின்.”

விறாந்தை சிரித்தது. தம்பிராசாவின் முகம் தொங்கிப்போனது. பத்மாசினி முருங்கைக் காம்புகளை ஒதுக்கிவிட்டு, வீட்டுக்குப் போவோம் என்று எழுந்தாள்.

ஒழுங்கையில் அவள் முன்னால் நடந்தாள். தங்கள் வீட்டுப் படலையடியில்தான் நின்றாள்.

“உது எங்கடை ஒண்டரைக்கண்ணன் எல்லே?”

“நீர் சும்மா மனதைப் போட்டுக் குழப்பாதையும். உப்பிடி எத்தினை கார்.”

“எனக்குக் கார் தெரியாது. அந்த முழி தெரியும்.”

இனி மறைத்து என்ன பயன்? ஒளித்து வைத்த ஆசை அவர் வாயிலிருந்தே கொட்டுண்டது. “அப்பிடியெண்டால், எங்கடை பிள்ளை எங்கையேன்...”

“விசர்க் கதை கதையாதேங்கோ,” என்றாள். குரலில் கண்ணீரே இல்லை. “உயிரோடை இருந்தால் என்ரை பிள்ளை மூண்டு வருஷம் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லி அனுப்பாமல் இருப்பானே? அவனை இழுத்து இறக்கிப்போட்டுத்தான் காரைக் கொண்டு போயிருக்கிறாங்கள்.”

அவள் உடைந்துபோவாள் என்று பயந்துதான் இவர் பொய் சொன்னார். இப்போது படலையைப் பிடித்துக்கொண்டு விம்மியது இவர்தான். அவள் அவரைத் தேற்றவில்லை. அவள் நினைவு வேறெங்கோ போயிருந்தது.

“அப்ப நாங்கள் கீரிமலையிலை கரைச்சது ஆரின்ரை பிள்ளையை?”

பத்மாசினி படலையைத் தள்ளித் திறந்தாள்.

“அந்தப் பிள்ளையைப் பெத்தவள் இண்டைக்கும் வாசலைப் பாத்துக்கொண்டு நிப்பாள்,” என்றாள்.