மூன்று விரல் கூடுதலான இஸ்திரி மேசை

அக்கா தரையில் பாய் விரித்துத்தான் இஸ்திரி போடுவாள். இரண்டு மாதத்தில் மூன்று பாய் கருகியது. நாலாவதும் கருகியபோது என்னைப் பார்த்தாள்.

"பி.ஏ. படிச்சிட்டு வூட்ல சும்மா குந்திகினு கீறியே, ஒரு மேசை செய்யக்கூடாதா?"

நான் சும்மா இல்லை. தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. ஆனால் என் மனைவி பதருன்னிசா போன பிறகு நான் என்ன செய்தாலும் சும்மா இருப்பது போலத்தான் தெரிகிறதாம். டைபாய்டு. ஏழு மாதம் ஆகிறது. முன்னறைத் தையல் மெஷின் அவளுடையது. இப்போது அதை ஓட்டுவது அவளைவிடக் குள்ளமான என் அக்கா ஷரீபுன்னிசா. ரங்கூனுக்குப் போன மச்சான் கடிதம் போடுவதை நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று. அக்காவுக்குத் தையலை விட்டால் வேறு இல்லை.

நைனா முகம்மது தன் ஜவுளிக்கடைக்கு மடக்குக் கதவு போட்டிருந்தார். கடையை மூடும் பழைய பலகைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவற்றில் தாரால் எழுதிய எண்கள் அழியவில்லை: மூன்று, நான்கு, ஐந்து, ஏழு.

"ஆறு எங்கே?"

"எம் மாமியாருக்கு ஊஞ்சலாயிடுச்சு. அதுல குந்திகினுதான் என்னைத் திட்டுது."

நாலு பலகையையும் சேர்த்து அடியில் சட்டம் அடித்தேன். கால்களுக்கு யாரிடமும் உயரம் கேட்கவில்லை. கைக்குத் தெரிந்த உயரத்தில் அறுத்தேன். அக்கா வந்து நின்று பார்த்தாள். அவள் உயரத்துக்கு மேசை மூன்று விரல் கூடுதல்.

"யாரு அளவுடா இது?"

நான் ஆணி தேடுவது போல் குனிந்தேன். அவள் கொல்லையிலிருந்து இரண்டு செங்கல் கொண்டுவந்து போட்டு அதன்மேல் ஏறிக்கொண்டாள்.

பலகை மேல் மெத்தென்று ஏதாவது வேண்டும். இல்லாவிட்டால் இடுக்குகள் துணியில் கோடாக விழும். அக்கா ஒரு பழைய கம்பளியும் நாலு கஜம் காடாத் துணியும் கொடுத்துவிட்டுக் கறிக்கடைக்குப் போனாள். கம்பளி போதவில்லை. என்னிடம் வேறு துணி இருந்தது.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் போனவளின் துணிகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். வைத்திருந்தால் அவளுக்கு நிம்மதி இருக்காதாம். ஆறு சேலைகளை அக்கா மூட்டை கட்டி, கோவளம் தர்கா வாசலில் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பினாள். பஸ் கோவளத்துக்கு முன்னாலேயே, மகாபலிபுரத்தோடு நின்றது. நானும் நின்றேன். மூட்டையை மடியில் வைத்துக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, ஒரு அம்மாள் என்னைச் சேலை வியாபாரி என்று நினைத்து, பிரித்துக் காட்டச் சொன்னாள். சாயம் போகுமா என்று கேட்டாள். போகாது என்றேன். அடுத்த பஸ்ஸில் மூட்டையோடு திரும்பினேன். தர்காவில் கொடுத்துவிட்டதாக அக்காவிடம் சொன்னேன்.

அதன் பிறகு மூட்டை ஆபீஸ் பீரோவில் இருந்தது. சிவப்பு நாடா கட்டி, 'நிலுவை' என்று சீட்டு ஒட்டிவைத்தேன். எங்கள் ஆபீஸில் அப்படி எழுதியதை யாரும் தொடுவதில்லை. ஆனால் புதிதாக வந்த தாசில்தார் நிலுவைகளையெல்லாம் பார்க்கப் போவதாகச் சொன்னார். இப்படி ஒரு மனிதர் வருவார் என்று யார் எதிர்பார்த்தது? மூட்டையை வீட்டுக்கு எடுத்துவந்து ஒளித்துவைத்திருந்தேன்.

ஆறு சேலைகளையும் சுருக்கமில்லாமல் பலகை மேல் விரித்தேன். மேலே கம்பளி, அதற்கு மேல் காடா. இழுத்துப் பிடித்து அடியில் ஆணி அடித்தேன். அக்கா கறியோடு வந்தபோது மேசை தயார். கையால் அழுத்திப் பார்த்தாள். "பரவால்ல. படிப்பு வீணாப் போகல" என்றாள்.

மூன்றாம் நாள் ஒரு வாத்தியார் மனைவி, வசந்தா என்று பெயர், தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்தாள். ரவிக்கையை விரிக்குமுன் அக்கா மேசை மேல் தண்ணீர் தெளித்துக் கரி இஸ்திரிப்பெட்டியை ஓட்டிப் பார்த்தாள். ஆவி எழுந்தது. அக்காவின் கை நின்றது.

"பதரு வாசனை வருது."

"ஆமாங்க" என்றாள் வசந்தா. "அவங்க அத்தர்தான்."

இருவரும் பேசிக்கொண்டே நின்றார்கள். பெட்டியும் நின்றது. புகை வந்த பிறகுதான் நான் ஓடிப்போய்த் தூக்கினேன். காடாவும் கம்பளியும் பெட்டியின் வடிவத்தில் கருகியிருந்தன. அவர்கள் குனிந்து பார்ப்பதற்குள் ஒரு துணியைப் போட்டு மூடினேன்; பிறகு ஒட்டுப் போட்டுத் தைத்தேன். வசந்தா ரவிக்கையைக் கசங்கலாகவே வாங்கிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பதருன்னிசா இஸ்திரி மேசையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். துணி தைக்கக் கொடுக்க ஒருவரும் வரவில்லை. பார்க்க எல்லாரும் வந்தார்கள். எதிர்வீட்டு சுல்தான் பீவி மேசைக்கு மேல் குனிந்து நேராகவே கேட்டாள்.

"அடியே பதரு, நோம்புக் கஞ்சிக்கு எங்கிட்ட வாங்கினியே ஒரு அண்டா, அத்த எங்க வச்சே?"

மேசை பதில் சொல்லவில்லை. "உயிரோட இருக்கும்போதும் இப்படித்தான்" என்றாள் சுல்தான் பீவி.

அக்கா சிரிக்கவில்லை. பக்ரீத் பெருநாள் துணி ஒன்றுகூட வராமல் மெஷின் மூடியே கிடந்தது. "பள்ளிவாசல் அஜ்ரத்த கூப்ட்டு ஓதச் சொல்றேன். அப்பவும் போவலன்னா பலகைய ஒடச்சு பிரியாணி அடுப்புக்குக் குடுத்துடுவேன். ஒரே பேஜாரு" என்றாள்.

சொன்னால் சேலைகள் போய்விடும். சொல்லாவிட்டால் தையல் போய்விடும், கடைசியில் சேலைகளும் அடுப்புக்குப் போய்விடும். பி.ஏ. படித்தவனுக்குப் புரியாத கணக்கில்லை. ஆனாலும் ஞாயிறு வரை சும்மா இருந்தேன்.

அஜ்ரத் அப்துல் சுபஹான் ஞாயிறு காலையில் வந்தார். ஓதினார். தண்ணீரில் ஊதி மேசை மேல் தெளித்தார்.

"பெட்டிய ஓட்டும்மா."

அக்கா செங்கல் மேல் ஏறி ஓட்டினாள். ஆவி எழுந்தது. அஜ்ரத் மூக்கை மேசைக்குக் கிட்டே கொண்டுபோனார். தாடி கருகிவிடும் என்று பயந்தேன்.

"இது ஜின்னும் இல்ல, பேயும் இல்ல. மஜ்முவா அத்தரு. என் சரக்கு."

ஜும்மா முடிந்ததும் பள்ளிவாசல் படிக்கட்டில் அத்தர் விற்பவர் அவர்தான்.

"ஜின்னு அத்தர் பூசாதா, அஜ்ரத்து?" என்றாள் சுல்தான் பீவி.

"பூசும். ஆனா எங்கிட்ட எந்த ஜின்னும் வாங்கினதில்ல. பெருநாளைக்குப் பெருநாள் ஒரு புட்டி வாங்கினது இந்தத் தம்பிதான்." என்னைப் பார்த்தார். பிறகு அக்காவிடம், "நாஸ்தா ரெடியா?" என்று கேட்டார்.

நான் குறடு எடுத்துவந்து ஆணிகளைப் பிடுங்கினேன். காடாவை எடுத்தேன். கம்பளியை எடுத்தேன். அக்கா செங்கல் மேலேயே நின்றாள்.

"கோவளத்துல குடுத்தேன்னியே."

"குடுக்கல."

சுல்தான் பீவி வாயைத் திறந்தாள். அக்கா அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

அக்கா ஒவ்வொரு சேலையாக எடுத்து மடித்தாள். ஐந்து நன்றாக இருந்தன. மேலாக இருந்த ஊதாச் சேலையில் பெட்டி முனை பழுப்பாகப் பதிந்திருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"தீஞ்ச சீலைய எந்த ஏழைக்குடா குடுக்கறது?" என்றாள். அதை நாலாக மடித்துப் பலகை மேலேயே வைத்தாள். "கம்பளிய மேல போடு. ரெண்டையும் நல்லா ஊற வச்ச சீயக்கா போட்டு அலசிட்டுப் போடு, வாசனை வந்தா எவளும் வரமாட்டா."

அலசினேன். காய்ந்ததும் விரித்து ஆணி அடித்தேன். பிறகு அக்கா ரம்பத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"மூணு விரலு."

நாலு கால்களையும் அறுத்தேன்.

மற்ற ஐந்து சேலைகளும் இந்த முறை என் கைக்கு வரவில்லை. அக்காவே கொடுத்தாள். பச்சைச் சேலை சுல்தான் பீவிக்குப் போனது. அவள் ஏழை இல்லை. வாயை மூடிக்கொண்டதற்கு என்று அக்கா சொன்னாள். வெள்ளிக்கிழமைகளில் அதைக் கட்டிக்கொண்டு, பெருநாள் துணி குவிந்திருக்கும் எங்கள் முன்னறைக்கு வருகிறாள். மேசையில் கையை ஊன்றி என்னைத்தான் கேட்கிறாள்.

"அந்த அண்டா எங்கப்பா?"

தேடுகிறேன் என்கிறேன்.