பித்தளை வில்லை

தவசிமுத்து அண்ணாச்சியைப் பழிவாங்க வேண்டும் என்று ரஹீமுன்னிசா இரண்டு வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்தாள். அதற்கான ஆயுதம் அத்தனை நாளும் அவள் இடுப்பிலேயே, வீட்டுச் சாவியோடு தொங்கிக்கொண்டிருந்தது. கடைசி ஒரு மாசம்தான் அது அவளுக்குத் தெரியும்.

அண்ணாச்சியைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் கிடையாது. தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை வைத்து, அப்புறம் விறகு, அப்புறம் அடுப்புக் கரி என்று ஏறி, சடையங்குப்பத்துக்குப் பக்கத்தில் மலை மலையாக நிலக்கரி குவிக்கிற யார்டு வரைக்கும் வளர்ந்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் வடக்கே, ரயிலில் இரண்டு நாள் தூரத்தில், பூமிக்கு அடியில் கரி வெட்டுகிற சுரங்கம் ஒன்றையும் ஏலத்தில் எடுத்தார். சுரங்கம் வாங்கியும் மளிகைக் கடைப் புத்தி அவரை விடவில்லை. சீட்டு எழுதாமல் ஒரு குண்டூசிகூட அவர் வாசலைத் தாண்டக் கூடாது. இரண்டு பிரதி எழுதி, முத்திரை குத்தி, வாங்கினவனிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். அது முப்பது வருஷச் சட்டம்.

சுரங்கத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. பம்ப் மேல் பம்ப் பழுதானது. டோல்கேட் பகுதியில் பம்ப் ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்த ரஷீதைக் கூப்பிட்டு, ஒரு மாசம் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அண்ணாச்சி அனுப்பினார். ரஹீமுன்னிசாவின் புருஷன் அவன். செத்துக் கிடக்கிற மோட்டாரைக்கூட இருமி எழ வைப்பான் என்று தெருவில் பேர்.

பத்தொன்பதாம் நாள், பக்கத்தில் எப்போதோ கைவிட்ட பழைய சுரங்கத்தில் தேங்கிக் கிடந்த தண்ணீர், சுவரைப் பிளந்துகொண்டு உள்ளே பாய்ந்தது. ஆறு பேர் செத்தார்கள் என்று பேப்பரில் போட்டார்கள். அந்த ஆறில் ரஷீதின் பேர் இல்லை. அவன் அதற்கு முந்தின நாளே லீவு சொல்லிக் கிளம்பிவிட்டான், எங்கே போனான் என்று எங்களுக்கும் தெரியவில்லை என்று கம்பெனி கையை விரித்தது. பயிற்சிச் சான்று இல்லாத ஆளைக் கீழே இறக்கியது வெளியே தெரிந்தால் சுரங்கத்துக்குப் பூட்டு. அதற்காக ஒரு மனுஷனை ஓடிப்போனவனாக ஆக்கினார்கள். நல்லா இருப்பார்களா?

ஆச்சு. ரஷீது வரவில்லை, அடக்கம் பண்ண மய்யித்தும் வரவில்லை. மௌத்தானதற்கு அத்தாட்சி வேண்டுமே என்று ஜமாத்தில் தயங்கினார்கள். தெருவுக்கு அந்தத் தயக்கம்கூட இல்லை. எவளையோ கூட்டிக்கினு பூட்டான் என்று குழாயடியில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். மகள் ரூஹிக்குப் பேசி முடித்த சம்பந்தக்காரர்கள், பெண்ணின் அத்தா இருக்காரா இல்லையா என்று கேட்டார்கள். ரஹீமுன்னிசா தேநீர்த் தட்டை அவர்கள் முன்னால் வைத்தாள். அவர்கள் தேநீரைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். தாலியாகக் கழுத்தில் கிடந்த கருகமணி அன்றைக்குத்தான் அவளுக்கு முதல் முறையாகப் பாரமாக இருந்தது. அண்ணாச்சி தன் வாயாலேயே உண்மையைச் சொல்ல வேண்டும், ஊர் முன்னால் சொல்ல வேண்டும் என்று அன்று ராத்திரி தொழுகைப் பாயிலேயே சபதம் எடுத்தாள்.

தண்ணீர் பாய்ந்த பத்தாம் நாளே, அண்ணாச்சியின் மேனேஜர் மாசானம் ரஷீதின் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். சட்டமாச்சே, சாமான்களைச் சீட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை அவளிடம் கொடுத்தான். கூடவே யார்டில் ஒரு வேலையும். வாயை அடைக்கத்தான் வேலை என்று அவளுக்கும் புரிந்தது. இரண்டு வயிறு இருந்தது, போனாள். பெட்டிக்குள் நம்பர் அடித்த பித்தளை வில்லை ஒன்று கிடந்தது. புருஷன் கை பட்டது என்று அதில் சாவியைக் கோத்துக்கொண்டாள்.

யார்டில் பெண்களுக்கு இரண்டு வேலை. தூசி பறக்காமல் கரிக் குவியலுக்குக் குழாய் பிடிக்க வேண்டும். குவியலுக்குள் நீளமான இரும்புக் கம்பியைச் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவி, புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கம்பி சுட்டால் உள்ளே கரி கனன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு தடவை மூன்றாம் குவியலில் கம்பி கையைப் பொசுக்கியது. சொல்லாமல் விட்டால் என்ன, எரிந்து நாசமாகப் போகட்டுமே என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் கரி போனால் அண்ணாச்சி வேறு கரி கொண்டுவருவார், புகையைத் தின்னப் போவது சடையங்குப்பத்துப் பிள்ளைகள். போய்ச் சொல்லிவிட்டாள்.

அன்றைக்குக் குவியலைக் கிளற வந்தவன் திலீப். சுரங்கத்தில் வேலை பார்த்து, அந்த வெள்ளத்துக்குப் பிறகு யார்டுக்கு மாற்றலாகி வந்த வடக்கத்திக்காரன். கை கழுவும்போது அவள் சாவிக்கொத்தைப் பார்த்தவன், அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, இது எப்படி உங்க கிட்டே?"

"எங்க ஊட்டுக்காரரோட பெட்டியில இருந்துச்சு. ஏன்?"

திலீப் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னான். கேட்டு முடித்ததும் அவள் கரித்தூளிலேயே உட்கார்ந்தாள். அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத்த வேற யார் கிட்டயும் சொல்லாத, தம்பி. நேரம் வரும்" என்றாள்.

நேரத்தை அண்ணாச்சியே ஏற்பாடு பண்ணிக்கொடுத்தார். யார்டை இன்னும் இரண்டு மடங்கு பெரிதாக்க மனு போட்டிருந்தார். அதற்காகத் திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். மேடையில் சங்கமித்ரா என்ற அதிகாரி, பக்கத்து நாற்காலியில் அண்ணாச்சி, பேசுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் வீடியோ. கம்பெனிக்கு ஆதரவாகப் பேச யார்டு ஆட்களை வேனில் அள்ளிக்கொண்டு போன மாசானம், ரஹீமுன்னிசாவையும் ஏற்றிக்கொண்டான்.

"கம்பெனி நல்லாப் பாத்துக்கிடுதுன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு எறங்கிரு, என்ன?"

"சொல்றேண்ணே."

அவளுக்கு முன்னால் பேசிய சடையங்குப்பத்துக்காரர், "வெள்ளத் துணிய காயப்போட்டு கறுப்புத் துணியா எடுக்கிறோம்மா, புள்ளைங்க துப்புற சளியும் கறுப்பா கீது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ரஹீமுன்னிசா மைக்கைப் பிடித்தாள்.

"எம் பேரு ரஹீமுன்னிசா. அண்ணாச்சி யார்டுல கரிக்கு தண்ணி புடிக்கிறேன். எனக்கு ஒரு சந்தேகம். அண்ணாச்சி சுரங்கத்துல பூமிக்குள்ள ஆளுங்க எறங்குறாங்களே, எறங்குனவன் மேல வந்துட்டானா இல்லியான்னு எப்டி தெரியும்?"

தன் சுரங்கத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் அண்ணாச்சி சாப்பாட்டைக்கூட மறந்துவிடுவார். அவரே மைக்கை வாங்கினார்.

"நல்ல கேள்வி. கீழ போற ஒவ்வொருத்தனுக்கும் நம்பர் அடிச்ச பித்தளைப் பில்லை உண்டு. விளக்கு ரூம்ல அதக் குடுத்தாத்தான் தலையில மாட்டுற விளக்கு கிடைக்கும். மேல வந்து விளக்கத் திருப்பிக் குடுத்தாத்தான் பில்லை அவன் கைக்கு வரும்."

"மேல வந்து ஊருக்கு போயிட்டவனோட பில்லை?"

"அவன்கிட்டயே இருக்கும்."

"மேல வராதவனோட பில்லை?"

"கம்பெனி கையில இருக்கும். இதுல தப்பே வராதும்மா. ஒரு எறும்பு எறங்குனாலும் நமக்குத் தெரிஞ்சிரும்."

கடைசி வரிசையில் பிரியாணிப் பொட்டலம் எண்ணிக்கொண்டிருந்த மாசானம் சட்டென்று நிமிர்ந்தான். ஆனால் அவள் ஏற்கெனவே மேடையேறி, சாவியைக் கழற்றி, வில்லையை அதிகாரியின் மேஜையில் வைத்துவிட்டாள். பக்கத்தில் நாலாக மடித்த ஒரு சீட்டு.

"எங்க ஊட்டுக்காரரு ரஷீது. ஓடிப்போயிட்டாருன்னு சொன்னாங்க. படிங்கம்மா, நல்லா சத்தமா."

அதிகாரி படித்தார். "காலஞ்சென்ற" என்று தொடங்கவில்லை அந்தச் சீட்டு. "ரஷீதின் பொருட்கள். டிரங்குப் பெட்டி ஒன்று. சட்டை நான்கு. லுங்கி இரண்டு. தொப்பி ஒன்று. பித்தளைப் பில்லை ஒன்று, எண் இருநூற்றுப் பன்னிரண்டு." கீழே கம்பெனி முத்திரை, மாசானத்தின் கையெழுத்து.

அண்ணாச்சி சீட்டை எட்டிப் பார்த்தார். "மாசானம், என்னல இது?"

மாசானம் ஒருநாளும் சுரங்கத்துக்குள் இறங்கினவன் இல்லை. பில்லையை ஏதோ பெட்டிச் சாவியின் வில்லை என்று நினைத்தவன். பயத்தில் அவனுக்கு உண்மையைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை.

"விளக்கு ரூம்லருந்து அவன் பேருக்கு அனுப்பினத எழுதினேன், அண்ணாச்சி. சீட்டு இல்லாம எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

அதிகாரி அண்ணாச்சியின் பக்கம் திரும்பினார். "எல்லாம் பதிவாகிறது. இருநூற்றுப் பன்னிரண்டு கீழே இறங்கினாரா?"

"எறங்குனான்."

"மேலே வந்தாரா?"

அண்ணாச்சி தண்ணீர் பாட்டிலை எடுத்தார், மூடியைத் திறக்காமலே கீழே வைத்தார். ரஹீமுன்னிசா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வரல."

இரண்டு வருஷமாக அவள் திட்ட நினைத்து வைத்திருந்த அத்தனை வார்த்தையும் மறந்துபோனது. இரண்டு கையையும் பின்னங்கழுத்துக்குக் கொண்டுபோய்க் கொக்கியை அவிழ்த்தாள். கருகமணியை அண்ணாச்சியின் முன்னால் வைத்தாள்.

"மாசானண்ணே, சீட்டுப் புஸ்தகம் வெச்சிக்கினுதானே கீறே? எழுது. கருகமணி ஒண்ணு. குடுத்தது ரஷீது பொஞ்சாதி. வாங்கிக்கினது தவசிமுத்து. கையெழுத்து வாங்கு."

முப்பது வருஷப் பழக்கம். மாசானத்தின் கை தானாகவே சட்டைப் பையில் பேனாவைத் தேடியது.