எந்தக் கரையில் இறங்குவது

அண்ணன் கடைசியாகச் செய்த காரியம், விடுதி அறையின் சுவரைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தது. கட்டிலின் தலைமாட்டில் வெளிர்பச்சைப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒன்றை நோண்டி, உதிர்ந்த சில்லை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“பிரைமரே இல்லடா. பட்டி மேலயே நேரா அடிச்சுட்டுப் போயிருக்கான், மகராசன்.”

“நீங்க இங்க வேலைக்கு வந்தீங்களா, ஊர் பார்க்க வந்தீங்களா?” என்று அண்ணி குளியலறை வாசலிலிருந்து கேட்டார்.

“கண்ணை வீட்லயே கழட்டி வெச்சுட்டா வர முடியும்?” என்றார் அண்ணன். “கொஞ்ச நேரம் சாயறேன். வெயில் இறங்கினதும் எழுப்பு. இன்னைக்கு எந்தக் கரைன்னு முடிவு பண்ணிடலாம்.”

நான் பக்கத்து அறைக்குப் போய்ப் படுத்தேன். வெயில் இறங்கியதும் அண்ணி அவரை எழுப்பினார். தோளைத் தொட்டு எழுப்பினார், பிறகு உலுக்கினார், பிறகு சுவரைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். உறக்கத்திலேயே போய்விட்டார் அண்ணன். அந்தச் சில்லு அவர் சட்டைப்பையில் இருந்தது.

நாங்கள் பெயிண்டர்கள். அண்ணனுக்குச் சுவர் வேலை மட்டும்தான். நான் சுவரும் அடிப்பேன், கடைகளுக்குப் பலகையும் எழுதுவேன். எங்களிடம் வேலை பார்த்தவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைக் ‘காயட்டும்’ என்றுதான் சொல்வார்கள். “டேய், காயட்டும் வருது, செல்லை உள்ள வை” என்பார்கள். வீட்டுக்காரர் ஒரு நிறத்தைக் காட்டினால் அண்ணன் உடனே வாளியைத் திறக்க மாட்டார். சுவரில் பக்கம் பக்கமாக மூன்று நான்கு நிறங்களை உள்ளங்கை அகலத்துக்குப் பூசிவிட்டு, “காயட்டும்” என்பார். ஈரத்தில் தெரிவது ஒரு நிறம், காய்ந்தபின் தெரிவது வேறு. காய்ந்ததைக் காலையில் ஒரு தடவை, விளக்குப் போட்டபின் ஒரு தடவை பார்த்தால்தான் வீட்டுக்காரரையே வாயைத் திறக்க விடுவார். இதற்கே பொறுமையிழந்து வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டவர்கள் உண்டு. எங்களிடம் வேலை முடிந்தபின் நிறம் சரியில்லை என்று சொன்னவர் கிடையாது.

தீவுக்கும் அதே புத்தியோடுதான் வந்தார்.

அண்ணி கடலில் இறங்கியதே இல்லை. பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறார். “இந்த வேலை முடியட்டும்” என்றாராம் அண்ணன். ஒரு வேலை முடிவதற்குள் அடுத்தது வந்து உட்கார்ந்துகொள்ளும். அண்ணியும் கேட்பதை விட்டுவிட்டார். அந்த வருடம் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தை அடித்து முடித்த கையோடு, யாரும் சொல்லாமலே படகு டிக்கெட்டுகளை வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார் அண்ணன். அண்ணி அவற்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுவும் காயணுமா?” என்றார். எனக்கும் என் மனைவிக்கும் சேர்த்துத்தான் வாங்கியிருந்தார். என் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று அவள் நின்றுவிட, நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம்.

தீவில் யாருக்கும் அவசரமில்லை. கடைக்காரர் கடையைத் திறந்துபோட்டுவிட்டு எதிரே மர நிழலில் படுத்திருப்பார். வேண்டியதை நாமே எடுத்துக்கொண்டு போய் அவரை எழுப்பவேண்டும். நடுரோட்டில் நாய் படுத்திருந்தால் எங்கள் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்காமல் சுற்றிக்கொண்டு போவார். விடுதிக்காரம்மா சாவியைக் கொடுக்கும்போதே, “ஏதாவது வேணும்னா சத்தமா கூப்பிடுங்க. காதுல விழுந்தா வர்றேன்” என்று சொல்லிவிட்டார்.

“நம்ம வேகத்துக்குன்னு ஒரு ஊர் இருக்கு பாருடா,” என்று அண்ணன் பூரித்துப்போனார்.

தீவில் நான்கு கரைகள். வடக்கே பாறைக் கரை, அலை முகத்தில் அறையும். மேற்கே தென்னைகளும் சாய்வு நாற்காலிகளும் பாட்டுச் சத்தமுமாக ஒரு நீளக் கரை. தெற்கே, படி இறங்கிப் போனால் கண்ணாடி மாதிரித் தண்ணீர் உள்ள சின்ன வளைவு ஒன்று. நான்காவது, மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனிக்குப் பின்னால். சாம்பல் நிற மணல், காலில் குத்தும் சிப்பிகள், வேறொன்றும் கிடையாது. ஆட்டோக்காரர் அதைக் காட்டவே தயங்கினார். “கணக்குக்கு இதுவும் ஒண்ணு சார்” என்றார்.

ஒவ்வொரு கரையிலும் அண்ணி செருப்பைக் கழற்றுவார். அண்ணன், “இரு, மத்ததையும் பார்த்துடலாம்” என்பார். அண்ணி செருப்பை மாட்டிக்கொள்வார். காலையில் பார்த்த கரையை மறுபடி சாயங்காலம் போய்ப் பார்க்கவேண்டும் என்றார் அண்ணன். வெயிலில் பச்சையாகத் தெரிந்த தண்ணீர் மேகத்தில் ஈயமாகிவிடுகிறது என்று எனக்குக் கை நீட்டிக் காட்டினார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இரண்டு பெயிண்டர்கள் கரையில் நின்று கடலை ஏதோ எங்கள் சுவர் மாதிரித் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“செருப்பைக் கழட்டி மாட்டினதுதான் மிச்சம்,” என்றார் அண்ணி, ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது. “தண்ணியைப் பார்க்க வந்தோமா, நனைய வந்தோமா?”

“நனைஞ்சுட்டா அப்புறம் எல்லாக் கரையும் ஒண்ணாத்தான் தெரியும். நனையறதுக்கு முன்னாடிதான் பார்க்கணும்.”

“தம்பி, உங்க அண்ணன் என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டதே பெரிய அதிசயம்.”

“உன்னைக் காலையிலயும் பார்த்தேன், விளக்குலயும் பார்த்தேன்,” என்றார் அண்ணன். அண்ணி தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன சுகாதார நிலையத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தார். இதயம் நின்றுவிட்டது, வலி தெரிந்திருக்காது என்றார். நான் காகிதங்களில் கையெழுத்துப் போட்டேன். பயணிகள் படகில் சவப்பெட்டியை ஏற்ற மாட்டார்கள், மறுநாள் மதியம் திரும்பும் சரக்குப் படகில்தான் போகமுடியும் என்றார்கள். அண்ணனை அங்கேயே குளிர் அறையில் வைத்தோம். அண்ணி எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார், அண்ணனுடைய வயதைக்கூடச் சரியாகச் சொன்னார். அழவில்லை. விடுதியில் சுவர்கள் மெலிசு. பக்கத்து அறையில் அவர் புரண்டு படுப்பதுகூட எனக்குக் கேட்டது, வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை.

காலையில் டீ வாங்கிக்கொண்டு போனேன். அண்ணி தலையை முடிந்துகொண்டு, செருப்பு மாட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, ஆட்டோவைக் கூப்பிடுங்க.”

“கையெழுத்தெல்லாம் முடிஞ்சுபோச்சு அண்ணி. மதியம் போனாப் போதும்.”

“ஆஸ்பத்திரிக்கு இல்ல. கடலுக்கு.”

நான் டீயை மேசையில் வைத்தேன். “இப்பவா?”

“வேற எப்போ? இந்தப் படகுல ஏறிட்டா என்னைத் திரும்ப இங்க யாரு கூட்டிட்டு வருவா?”

“நான் கூட்டிட்டு வர்றேன்.”

“நீங்க உங்க அண்ணனுக்குத் தம்பி.”

ஆனாலும் நான் விடவில்லை. “அவரை அங்க படுக்க வெச்சுட்டு நாம கடல்ல குளிச்சுட்டு வந்தோம்னு தெரிஞ்சா சொந்தக்காரங்க வாய்க்கு வந்தபடி பேசுவாங்க அண்ணி.”

“பேசட்டும். எனக்குக் கடல் காட்டத்தான் கூட்டிட்டு வந்தார். காட்டிட்டார். இறங்கறது நான்தானே இறங்கணும்?” டீயை ஒரே மூச்சில் குடித்தார். “நீங்க வரலைன்னா நடந்து போறேன். சின்ன ஊர்தான்.”

ஆட்டோக்காரருக்கு விஷயம் தெரிந்திருந்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எங்கே போகவேண்டும் என்று முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“படி இறங்கிப் போற கரைக்கு,” என்றேன். அண்ணன் அங்கேதான் அதிக நேரம் நின்றார். தண்ணீருக்குள் கிடந்த கூழாங்கற்களின் நிறத்தைக்கூட ஒவ்வொன்றாகச் சொன்னார். அதைத்தான் சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“வேணாம். ஐஸ் கம்பெனிக்குப் பின்னாடி போங்க,” என்றார் அண்ணி.

“அண்ணி, அண்ணன் சொல்லியிருந்தா தெற்குக் கரையைத்தான்…”

“அவர் எதைச் சொல்லியிருப்பார்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்கு இதான் பிடிச்சிருக்கு.”

“அதுல ஒண்ணுமே இல்லையே.”

“வீட்டுக்காரங்களுக்குப் பிடிச்சதை அடிக்கிறதுதானே உங்க தொழில்?”

“அங்க யாரும் இறங்க மாட்டாங்க அக்கா,” என்றார் ஆட்டோக்காரர்.

“அதான் வேணும்.”

அந்த வார்த்தை எனக்குப் பயத்தைக் கிளப்பியது. வழி முழுக்க அண்ணியின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். மடியில் பேசாமல் கிடந்தன.

கம்பெனிச் சுவர் ஓரமாக ஆட்டோ நின்றது. அண்ணி இறங்கி, கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுப் பையை என்னிடம் நீட்டினார். “பிடிங்க.” செருப்புகளை ஜோடியாக வைத்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மணலில் நடந்தார். கடலுக்குள்ளும் அதே நடைதான். நிற்கவில்லை, அலைக்குப் பயந்து பின்வாங்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நடந்துகொண்டே இருந்தார். கரையிலிருந்து பார்க்கும்போது எது ஆழம் எது மேடு என்று ஒன்றும் புரியவில்லை. எல்லாம் ஒரே சாம்பல். அண்ணி சின்னதாகிக்கொண்டே போனார்.

“அண்ணி!”

காற்று எதிர்த்து வீசியது. நான் இரண்டாவது முறை கூப்பிட்டபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது. பையையும் செருப்பையும் மணலில் விட்டுவிட்டு ஓடினேன். ஆட்டோக்காரர் பின்னாலிருந்து ஏதோ கத்தினார். சிப்பிகள் பாதத்தைக் கிழித்தன. ஒருவரை நேற்றுப் பறிகொடுத்தாயிற்று, இன்னொருவரையும் விட்டுவிட்டு வீட்டு வாசலில் போய் எப்படி நிற்பது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

கிட்டே போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அண்ணி நின்றிருந்தார். தண்ணீர் அவருடைய தொடை அளவுக்குத்தான் இருந்தது.

“ஏன் இப்படி ஓடி வர்றீங்க? பை எங்க?”

“மணல்ல.”

“போன் இருக்கு அதுல!”

“அண்ணி, வாங்க போயிடலாம். தயவுசெஞ்சு வாங்க.”

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

“அடப்பாவி,” என்றார். என்னை அவர் ஒருமையில் பேசியது அந்த ஒரு தடவைதான். “சாகவா வந்தேன்னு நினைச்சீங்க? அவரைக் கொண்டுபோய் வீடு சேர்க்க வேணாமா? அங்க வந்து நிக்கிற கூட்டத்துக்கு யாரு பதில் சொல்றது, நீங்களா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நனைந்த பேண்ட் காலைச் சுற்றியது.

“முங்கிப் பார்க்கலாம்னு வந்தேன். ஆழமே வரமாட்டேங்குது,” என்றார் எரிச்சலாக. “எவ்வளவு தூரந்தான் நடக்கிறது?”

இருவரும் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம். தண்ணீர் இடுப்பைத் தொட்டது. பிறகு மறுபடி தொடைக்கு இறங்கியது. அண்ணி நின்றுவிட்டார்.

“நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க.”

நான் கரையைப் பார்த்துத் திரும்பி நின்றேன். தொலைவில் ஆட்டோக்காரர் பையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பின்னால் தண்ணீர் சலசலத்தது. அண்ணி கடலில் உட்கார்ந்துவிட்டார் என்று தெரிந்தது. முங்கி எழுந்த சத்தம் கேட்டது.

“சூடா இருக்கே,” என்றார். “கடல் இவ்வளவு சூடா இருக்கும்னு யாருமே சொல்லலையே.”

அதன்பிறகு அழ ஆரம்பித்தார். அப்படி ஒரு குரல் அவரிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அண்ணனைத் திட்டினார். ஒவ்வொரு கரையிலும் செருப்பை மாட்டச் சொன்னதற்குத் திட்டினார். வீட்டுச் சமையலறைக்கு நிறம் பார்க்கிறேன் என்று நான்கு பட்டைகளைப் பூசிவிட்டு வருடக்கணக்கில் அப்படியே விட்டதற்குத் திட்டினார். எழுப்பச் சொல்லிவிட்டு எழாமல் கிடந்ததற்குத் திட்டினார். காற்று அவ்வளவையும் வாரிக்கொண்டு ஐஸ் கம்பெனிப் பக்கம் போனது. அங்கே கேட்பதற்கு ஆட்டோக்காரரைத் தவிர யாரும் இல்லை. நான் திரும்பவில்லை. எனக்கும் கண் மறைத்தது, அதை அவர் பார்க்கவேண்டாம் என்றும் இருந்தது.

விடுதிக்கு வந்து அண்ணி நல்ல தண்ணீரில் மேலுக்கு மட்டும் குளித்து வேறு சேலை கட்டினார். மதியம் சரக்குப் படகில் வெங்காய மூட்டைகளுக்கும் காலி கேஸ் சிலிண்டர்களுக்கும் நடுவே பெட்டியை வைத்து, இரண்டு பக்கமும் நாங்கள் உட்கார்ந்து வந்தோம். வீட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். அண்ணியின் தலை ஏன் இப்படிச் சிக்குப் பிடித்திருக்கிறது என்று என் மனைவி கேட்டாள். “படகுக் காத்து,” என்றேன்.

போன மாதம் எங்களிடம் வேலை கொடுத்திருக்கும் ஒரு வாத்தியார் குடும்பத்தோடு அந்தத் தீவுக்குப் போய்விட்டு வந்தார். ஐஸ் கம்பெனியை இடித்துவிட்டார்களாம். அங்கே இப்போது பெரிய ஓட்டல் வந்துவிட்டதாம். சிப்பியெல்லாம் வாரி, வெள்ளை மணலை லாரியில் கொண்டுவந்து கொட்டி, வரிசையாகக் குடை நட்டிருக்கிறார்களாம்.

“தண்ணி எப்படி சார்?” என்று கேட்டேன்.

“அதை ஏன் கேட்கறீங்க! எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல வரலை. முங்கணும்னா உட்காரத்தான் வேண்டியிருக்கு.”