சாமியப்பன் வீட்டுத் தண்ணீர்

சாமியப்பனின் கண்ணுக்குத் தப்பி ஒரு குறையுள்ள பனியன் வெளியே போவது நடக்காத காரியம். அருள்புரம் பக்கம் அவருக்கு ஒரு பனியன் கம்பெனி, அதை ஒட்டித் துணி வெளுக்கிற சலவைப் பட்டறை, அதை ஒட்டி வீடு. காலையில் வந்து உட்கார்ந்தாரென்றால் ஒவ்வொரு பனியனாக எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். கழுத்தை இழுத்துப் பார்ப்பார். முகர்ந்தும் பார்ப்பார். எள்ளளவு கறை இருந்தாலும் "ரிஜெட்டு" என்று தூக்கி எறிவார். மேலே சட்டை போடப் போகிறான், உள்ளே இருக்கிற பனியனை எவன் பார்க்கப் போகிறான் என்று யாராவது கேட்டால், "அவம் பொண்டாட்டி பாப்பாளுங்க" என்பார். அதற்கு மேல் என்ன பேசுவது?

எழுபத்து மூன்றாம் வருஷம் அவருக்கு ஒரு தலைவலி வந்தது. அதுவும் சொந்த மச்சான் ரூபத்தில். மனைவி நல்லம்மாளின் அண்ணன் நாச்சிமுத்துவுக்குப் பட்டறைக்குக் கிழக்கே நாலு ஏக்கர் தோட்டம். துணி வெளுத்த தண்ணீரெல்லாம் ஒரு குழியில் தேங்கி, நிறைந்தால் வாய்க்கால் வழியாகப் பள்ளத்தில் இறங்கும். அந்தத் தண்ணீர் ஊறி ஊறித் தன் கிணறு கெட்டுவிட்டது, கத்திரிச்செடி கருகுகிறது, தென்னம்பிள்ளை குருத்து வாடுகிறது என்றார் நாச்சிமுத்து. இன்னும் ஒரு வெள்ளாமை போனால் தோட்டத்தை விற்றுவிட்டு வெள்ளகோவிலில் இருக்கும் மகள் வீட்டில் போய் ஒண்ட வேண்டியதுதான். பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கவே யோசிக்கிற மனிதருக்கு அதைவிடக் கேவலம் வேறில்லை.

"மண்ணு வடிகட்டாததையா நாம வடிகட்டப் போறமுங்க மச்சான்? நாலடி உள்ள போச்சுன்னா அது கங்கா தீர்த்தமுங்க" என்பார் சாமியப்பன்.

நாச்சிமுத்து கோபக்காரர். ஆனால் தங்கையைக் கட்டிக்கொடுத்த இடத்தில் குரலை உயர்த்த முடியுமா? "நீங்க சொன்னாச் செரிதானுங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய் மாட்டைத் திட்டுவார். எங்கள் பக்கத்து மரியாதைக்காகத் திட்டு வாங்கிய மாடுகள் அநேகம்.

இந்தச் சமயத்தில்தான் சைதுன்னிசா வந்தாள். காதர்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் அப்துல் ரவூபின் மகள். சாமியப்பனின் சரக்கில் பாதி அந்தக் கடை வழியாகத்தான் வடக்கே போகும். அவள் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் ரசாயனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்துவந்தாள். ஆராய்ச்சியின் தலைப்பு மூன்று முழம் இருக்கும். பனியனின் தரம், அதைச் செய்கிறவர்களின் படிப்பு, அதனால் சுற்றியுள்ள மண்ணுக்கும் தண்ணீருக்கும் ஆகிற கதி, இத்தனையும் அதில் அடக்கம். சாமியப்பனின் காதில் 'தரம்' என்கிற சொல் மட்டும் விழுந்தது. மகிழ்ந்துபோனார்.

"மச்சான், ரவூப் பாய் மக நமக்கும் பொது, உங்களுக்கும் பொது. குழித் தண்ணிய அம்மிணி சோதிக்கட்டும். கெட்டதுன்னு சொன்னா வாய்க்கால அடைச்சுப்போட்டுக் குழிக்குச் சிமெண்டு பூசிர்றனுங்க. நல்லதுன்னு சொன்னா நீங்க இனி இதப் பேசப்படாது."

நாச்சிமுத்து ஒப்புக்கொண்டார். வேறு வழியும் அவருக்கு இல்லை.

சைதுன்னிசா முதலில் படிப்பு விஷயத்தை எடுத்துக்கொண்டாள். பனியன் மடிக்கிற பழனாயியிடம் எத்தனாவது வரை படித்தாள் என்று கேட்டாள். "மூணாவதுங்க. ஏனுங்க, மாப்பிள்ள கீது பாத்து வெச்சிருக்கறீங்களா?" என்றாள் பழனாயி. கம்பெனியே சிரித்தது. இப்படி ஒவ்வொருத்தியிடமும் வாய் கொடுத்துப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட, சைதுன்னிசா வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "அத்தை, குழித் தண்ணி ஒரு பாட்டில் மட்டும் புடிச்சு வெச்சிருங்க, இதா வந்தர்றேன்" என்று ஒரு காலிப் பாட்டிலை நல்லம்மாளின் கையில் கொடுத்துவிட்டு, மிச்சப் பேரைக் கேட்கக் கம்பெனிக்குள் ஓடினாள்.

நல்லம்மாள் குழிக்கரை வரை போனாள். போய் அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். நுரையும் நாற்றமுமாகக் கண்ணைக் கரித்தது. வீடு தேடி வந்த பெண்பிள்ளை தண்ணீர் கேட்கிறாள், இதையா பிடித்துக் கொடுப்பது? கோயமுத்தூரில் நாலு படித்த பேர் பார்க்கிற தண்ணீர் வேறு. சாமியப்பன் வீட்டில் கொடுத்தது என்றல்லவா சொல்வார்கள்? திரும்பி வந்தாள். பாட்டிலைப் புளி போட்டு விளக்கினாள். வீட்டுக் கிணற்றில் புதுசாக ஒரு குடம் சேந்தி, வெள்ளைத் துணியில் வடிகட்டி, கழுத்து வரை நிரப்பி, மூடியையும் துடைத்துக் கொடுத்தாள். சைதுன்னிசாவும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, குழியில் தெளிய வைத்து மேலாக எடுத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மத்தியானம் சோறு போடும்போது நல்லம்மாள் இதைச் சொன்னாள். சாமியப்பனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

"கெட்டிக்காரி! கேசு நம்ம பக்கம் செயிச்சாச்சு."

"அண்ணனுக்கு ஏதாச்சும் கெடுதலாயிருமுங்களா?"

"நீ மூச்சு விடாத. நல்ல தண்ணின்னு வரும். மச்சான் செரின்னு கேட்டுக்குவாரு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் இலையை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். நல்லம்மாளுக்கு அப்புறம்தான் உறைத்தது. தான் காட்டிய மரியாதையில் அண்ணனின் தோட்டம் போகப் போகிறது. புருஷன் பேச்சைத் தட்டவும் பயம், அண்ணன் முகத்தைப் பார்க்கவும் பயம். சென்னிமலை ஆண்டவனுக்குக் காசு முடிந்துவைத்தாள். முடிவு சொல்ல அந்தப் பெண் வருகிற அன்றைக்கு, அவள் வாயைத் திறக்கும் முன்னால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டாள்.

அந்த நாளும் வந்தது. வாசல் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு சாமியப்பன் உட்கார்ந்திருந்தார், கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி. நாச்சிமுத்து தலை கவிழ்ந்து நின்றார். நல்லம்மாள் எல்லோருக்கும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் எதையும் பேசக் கூடாதல்லவா? அந்த ஒரு நிமிஷத்தில் சைதுன்னிசா முந்திக்கொண்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மாமா. தண்ணி நல்லால்லீங்க. உப்பு கண்டமேனிக்கு இருக்குது. இதப் பாச்சுனா எந்தச் செடியும் நிக்காதுங்க. மனுசரு வாயில வெக்கறதுக்கும் ஆகாது."

நாச்சிமுத்து நிமிர்ந்தார். சாமியப்பன் கட்டிலைவிட்டுத் துள்ளி எழுந்தார்.

"அதெப்படியம்மிணி ஆகாமப் போவும்? உங்க மிசினு கெட்டுக் கெடக்குது! நீ கொண்டு போனது குழித் தண்ணியே இல்ல. உங்கத்தை மரியாதைக்குப் பாத்து எங்க ஊட்டுக் கெணத்துத் தண்ணியப் புடிச்சுக் குடுத்துட்டா. நாங்க குடிக்கற தண்ணி! நித்தமும் குடிக்கற..."

சொல்லிக்கொண்டே வந்தவர் அங்கே நின்றுவிட்டார்.

சைதுன்னிசா தன் கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள். மெதுவாகக் கட்டிலின் மேல் வைத்தாள்.

"ஏனம்மிணி, அன்னிக்கும் ரெண்டு சொம்பு வாங்கிக் குடிச்சயே. உனக்குத் தெரியலையா கண்ணு?" என்றாள் நல்லம்மாள்.

"தெரிஞ்சுதுங்க அத்தை. கரிச்சுது. வந்த ஊட்டுல தண்ணி நல்லால்லைன்னு எப்படிங்க சொல்றது?"

நல்லம்மாள் அண்ணனைப் பார்த்தாள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ரெண்டு வருசமா எனக்குந் தெரியும் நல்லம்மா. என்ற கெணத்தச் சொன்னனே தவுர, தங்கச்சி குடுக்கற தண்ணியக் குத்தஞ் சொல்ல நாக்கு வரல."

அப்போதுதான் நல்லம்மாளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. பருப்பு வேகாமல் கிடந்து அடுப்பை நொந்துகொண்டது, குழம்புக்கு உப்புக் குறைத்துப் போடக் கை தானாகவே பழகிப்போனது, தண்ணீர் கேட்ட விருந்தாளிகள் ஒரு வாய் குடித்துவிட்டு "போதுமுங்க" என்று சிரித்தது. வருகிறவர்களுக்கெல்லாம் இதையா கொடுத்தோம் என்று அவளுக்கு உடம்பு கூசியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாமியப்பன் கட்டிலின் மேலிருந்த சொம்பை எடுத்தார். பனியனை வெயிலுக்குப் பிடிக்கிற மாதிரியே தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு வாய் ஊற்றிக்கொண்டு வெகுநேரம் விழுங்காமல் வைத்திருந்தார். பிறகு வேப்பமரத்தடியில் துப்பினார். அவர் வாயில் வழக்கமாக வருகிற அந்த ஒரு வார்த்தை அன்றைக்கு வரவில்லை.

"மச்சான், மம்பட்டி இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க."

"வாங்க, போய் வாய்க்கால அடைச்சுப்போட்டு வரலாம். குழிக்கு நாளைக்கே ஆளு சொல்லிர்றேன்."

நாச்சிமுத்துவுக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அழுகிற தங்கையைத்தான் பார்த்தார்.

"வாய்க்கால அடைச்சர்லாமுங்க மாப்ளே. கீழ எறங்குனத எதுலீங்க அள்ளறது?" என்றார். கேட்டுவிட்டு, மரியாதைக் குறைவாகப் பேசிவிட்டோமோ என்று மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்.

சாமியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பட்டறையைப் பார்த்து நடந்தார். நாச்சிமுத்துவும் பின்னாலேயே போனார்.