மீட்டர் பெட்டிக்குக் காவல்

இந்தக் காலத்தில் ஒரு காரியம் ஆகவேண்டுமென்றால் நேரில் வந்து முகத்தைப் பார்த்துக் கேட்கிற பழக்கமே மனுஷர்களுக்கு விட்டுப்போய்விட்டது. எங்கேயோ உட்கார்ந்துகொண்டு போனில் ஒரு செய்தியைத் தட்டிவிடுகிறார்கள். இங்கே இருப்பவர்களும் பாதியைக்கூடப் படிக்காமல் 'சரி' என்று தட்டிவிடுகிறார்கள். கதவைத் தட்டி, எதிரே உட்கார்ந்து, நாலு வார்த்தை பேசினால்தானே வந்தவன் திருடனா யோக்கியனா என்று தெரியும்?

ரொட்டிக்காரருக்கு அன்று காலையில் இதுதான் எரிச்சல். அவருடைய மருமகள் அப்படி ஒரு 'சரி'யைத் தட்டிவிட்டிருந்தாள். வெயில் கொளுத்துகிற மதியங்களில் எல்லாரும் ஏசி போடுவதால் கரண்ட் பற்றவில்லையாம். அந்த நேரத்தில் மட்டும் உங்கள் ஏசியை நாங்களே கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம், பதிலுக்குப் பில்லில் தள்ளுபடி தருகிறோம் என்று மின்சாரக் கம்பெனி கேட்டிருக்கிறது. அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து ஒருவன் வந்து, ஏசியில் தீப்பெட்டி மாதிரி ஒன்றை ஒட்டிவிட்டும் போயிருக்கிறான்.

"இன்னைக்கு மதியம் குறைக்கப்போறாங்களாம் மாமா. மெசேஜ் வந்திருக்கு."

"என் வீட்டு ஏசியைக் குறைக்க அவன் யாரு?"

"ஆபீஸ்ல இருந்தே குறைப்பாங்க. இங்க யாரும் வரமாட்டாங்க."

"வராம எப்படிம்மா குறையும்? என் காதுல பூ சுத்தாதே. ஒருத்தன் கை வைக்காம எதுவும் தானா நிக்காது."

"அப்படியில்ல மாமா, நமக்கு வேண்டாம்னா ரிமோட்ல..."

"உங்க அத்தை உள்ள படுத்துக் கிடக்கா. அது ஞாபகம் இருக்கா உனக்கு?"

மருமகள் அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். அவர் பேச ஆரம்பித்தால் நடுவில் புகுந்து எதையும் சொல்லி முடிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

உள் அறையில் அவர் மனைவி படுத்திருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி வந்தவள். கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வீட்டுக்கு வந்த அன்றே ரொட்டிக்காரர் ஏசி வாங்கி மாட்டிவிட்டார். காலமெல்லாம் பேக்கரி அடுப்பு முன்னால் நின்று வெந்த மனுஷர் அவர். வெயில் என்றால் அவருக்கு ஜென்மப் பகை. தான் வெந்தது போதும், படுக்கையில் கிடப்பவள் வேகக் கூடாது என்று ஏசியைப் பதினெட்டில் வைத்தார். அதற்குக் கீழே அது போகாது. போயிருந்தால் அவரும் போயிருப்பார்.

அந்தக் குளிர்ச்சியில்தான் எவனோ கை வைக்க வருகிறான்.

சாப்பிட்ட கையோடு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். வாசல் சுவரில் மீட்டர் பெட்டி இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஏசியின் வெளிப்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் நடுவே நாற்காலியைப் போட்டு, குடையை விரித்து, கைத்தடியை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டார். மேலே வெயில் வறுத்தது. பக்கவாட்டில் வெளிப்பெட்டி அனலை ஊதியது. பழைய அடுப்படிக்கே திரும்பி வந்ததுபோல் இருந்தது அவருக்கு.

அடுத்த வீட்டுத் தையல்காரர் கடை ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்தவர், பார்த்துவிட்டு நின்றார்.

"என்னண்ணே, மீட்டருக்குக் குடை பிடிக்கிறீங்க? வெயில்ல கறுத்துடும்னா?"

"போய்யா வேலையைப் பார்த்துக்கிட்டு. ஒருத்தன் வரப்போறான். வந்தான்னா கையைப் பிடிச்சு நாலு கேள்வி கேக்கணும்."

"ஏசி குறைக்கிறதுக்கா? எங்க வீட்லயும்தான் குறைக்கிறாங்க. யாரும் வந்ததில்லையே."

"நீ காஜா எடுக்கிறப்போ ஊசியைத் தவிர எதைப் பார்த்த? உன் கடையையே தூக்கிட்டுப் போனாலும் உனக்குத் தெரியாது."

தையல்காரர் சிரித்தார். "சரி, பிடிச்சீங்கன்னா எனக்கும் ஒரு குரல் கொடுங்க. சட்டைக்கு அளவெடுத்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போனார்.

தெருவில் ஈ காக்கை இல்லை. ஒரு நாய் மட்டும் வந்து அவர் குடை நிழலில் பங்கு கேட்டுப் படுத்துக்கொண்டது. அவருக்குக் கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது. தொடையைக் கிள்ளிவிட்டு மீட்டர் பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்தார்.

அவர் முறைத்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. உறுமிக்கொண்டிருந்த வெளிப்பெட்டி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடங்கியது.

ரொட்டிக்காரர் துள்ளி எழுந்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். ஆளில்லை. குனிந்து நாற்காலிக்கு அடியிலும் பார்த்தார். நாய்தான் இருந்தது. வீட்டைச் சுற்றி வந்து தேடிவிட்டு, எப்படியும் வெளியே வருவான் என்று முக்கால் மணி நேரம் சுவரோரம் காத்து நின்றார்; யாரும் வரவில்லை, வெளிப்பெட்டியும் திரும்ப உறுமவில்லை.

"அடப்பாவிகளா!"

அப்போதுதான் மனைவி ஞாபகம் வர, குடையும் கைத்தடியும் போட்டது போட்டபடி கிடக்க, உள்ளே ஓடினார். அறைக்குள் அவள் வியர்த்து விறுவிறுத்துக் கிடப்பாள், எழுந்து ஃபேன் சுவிட்சைக்கூடத் தட்ட முடியாதே என்று நினைத்துக்கொண்டே கதவைத் தள்ளினார்.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எப்போதும் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருக்கும் இரண்டு போர்வைகளும் கட்டிலின் ஓரத்தில் சுருண்டு கிடந்தன. நெற்றியில் வியர்வை இல்லை. வலது பாதம் மேலே கிடந்த மெல்லிய விரிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் அந்தப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

அப்படியே நின்றுவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அவள் கால் இரண்டும் சில்லிட்டுத்தான் கிடக்கும். ஆபரேஷனில் நரம்பை எங்கேயோ தொட்டுவிட்டான், கீழே ரத்தம் ஓடவில்லை என்று டாக்டரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே தினமும் சாயங்காலம் தைலம் போட்டுத் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்கச் சூடாகும். கையை எடுத்தால் பழையபடி சில்லென்றாகிவிடும்.

தொட்டதில் அவள் விழித்துக்கொண்டாள்.

"ஏங்க, எங்க போய்ட்டு வந்தீங்க? அடுப்புல போட்டு எடுத்த மாதிரி இருக்கு மூஞ்சி."

"ஏசியை நிறுத்திப்புட்டான். வேக்காடா இருக்கா உனக்கு?"

"இல்லையே. இன்னைக்குத்தான் கால் கால் மாதிரி இருக்கு."

"அப்போ இத்தனை நாளும்?"

அவள் ஓரத்தில் கிடந்த போர்வைகளைப் பார்த்தாள். "குளிரும்."

"சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"மாட்டின அன்னைக்கே, குளிர்ச்சியா இருக்கான்னு கேட்டுட்டு ஜம்முனு நின்னீங்களே, ஏதோ கோட்டையைப் பிடிச்சவர் மாதிரி. அந்த மூஞ்சியைப் பார்த்தப்புறம் எப்படிச் சொல்றது? அதான் போர்வை கேட்டேன். அப்புறம் இன்னொண்ணு கேட்டேன்."

கதவருகே மருமகள் வந்து நின்றாள். கையில் ரிமோட். "மாமா, இதைத்தான் காலைல சொல்ல வந்தேன். நமக்கு வேண்டாம்னா இந்த பட்டனை அழுத்தினா போதும், உடனே பழையபடி ஆயிடும். அவங்க ஒண்ணும் கேக்கமாட்டாங்க. அழுத்தட்டுமா?"

அவர் ரிமோட்டை வாங்கினார். சுவரில் ஏசி பதினெட்டுக்குப் பதில் இருபத்தைந்து என்று காட்டியது. கட்டைவிரல் பட்டன்மேல் நின்றது. மனைவி அந்த விரலைப் பார்த்தாள். விரிப்புக்கு வெளியே இருந்த பாதத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள், வரப்போகிற குளிருக்குத் தயாராகிறவளைப் போல.

கட்டைவிரலை எடுத்தார். ரிமோட்டை அவள் தலையணைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்து வைத்தார்.

"நீயே வச்சுக்கோ. இனிமே நானும் தொடமாட்டேன், இவளும் தொடமாட்டா."

"கம்பெனிக்காரங்க தொட்டா?" என்றாள் அவள். உதட்டோரத்தில் சிரிப்பு.

"அதான் நானும் கேக்கிறேன்! இன்னைக்கு ஏதோ கணக்குத் தப்பி நல்லதாப் போச்சு. நாளைக்கு ஃபேன்ல கை வைப்பான், அப்புறம் விளக்குல வைப்பான். வந்தவன் மூஞ்சியும் தெரியல, போனவன் மூஞ்சியும் தெரியல. அவனுக்கு நன்றி வேற சொல்லணுமாக்கும்?"

"யாரும் வரவே இல்லை மாமா," என்றாள் மருமகள்.

"நீ சும்மா இரும்மா."

வெளியே வந்து நாற்காலியை மடக்கப் பார்த்தார். அது மடக்குகிற நாற்காலி இல்லை. அப்படியே விட்டுவிட்டுக் குடையையும் கைத்தடியையும் மட்டும் எடுத்துக்கொண்டார். மீட்டர் பெட்டியின் மூடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பூட்டுப் பூட்டினபடியே இருந்தது. நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"நீயாவது பார்த்தியாடா?" என்று அதைக் கேட்டார். பிறகு குடையை விரித்துக்கொண்டு, "கை வைக்காமலாம், நின்னுச்சாம்," என்று முணுமுணுத்தபடி தெருவில் இறங்கி நடந்தார்.