சுவரைப் பார்த்த அந்தோணியார்

மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிவிட்டு வந்த உபதேசியார் இஞ்ஞாசிக்கு, வீட்டுக்குள் நுழைந்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மாடத்தில் இருந்த அந்தோணியார் சுரூபம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. மனைவி அடைக்கலமேரியின் வேலைதான். யுத்தம் மூண்டபோது ரங்கூன் கப்பலில் வேலைக்குப் போன மகன் லாசரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. காணாமல்போனதைத் தேடித் தருகிற அந்தோணியாருக்கு, அவனைக் கண்ணில் காட்டும்வரை இந்தத் தண்டனை. அந்தத் தெருப் பெண்களுக்கு இது பழக்கம்தான்.

"இன்னாடி கூத்து இது? சுரூபம் வெறும் மண்ணு, அதுக்குக் கண்ணும் இல்ல காதும் இல்லன்னு இப்பத்தான் புள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்துட்டு வரேன். என் வூட்லயே அஞ்ஞானமா?"

அடைக்கலமேரி மீன் கழுவுவதை நிறுத்தவில்லை.

"மண்ணுகிட்ட யாருனா கோச்சுக்குவாங்களா? மேல அந்தோணியாரு கேட்டுக்கினுதான் கீறாரு. கேட்டும் சும்மா கீறாரேன்னுதான் எனக்கு ஆத்திரம். உன் ஜெபத்துல ஒரு எழுத்து தப்பாதுய்யா, ஒத்துக்கறேன். ஆனா தெனம் முட்டி போட்டு லாசருக்கு நீ முணுமுணுக்கறது மரிச்சவங்களுக்கான ஜெபம். எனக்குக் காது கேக்கும்."

ஞானோபதேசத்தில் எல்லாக் கேள்விக்கும் விடை வைத்திருந்தவர் விறுவிறுவென்று போய்ச் சுரூபத்தை முன்பக்கம் திருப்பினார். அந்தோணியாரின் கையில் குழந்தை இயேசு பத்திரமாக இருந்தார்.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்க உபதேசியாரால் முடியவில்லை. சுரூபத்தை மறுபடியும் சுவர்ப் பக்கம் திருப்பியது அவருடைய கைதான்.