மகாராணியின் வாளி

நாத்தனார் கொண்டுவந்த மக்காச்சோளத்தில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் டாக்டரம்மாவை உறுத்தியது.

டாக்டரம்மா என்பது கணவரின் அக்காவான நாத்தனார் வைத்த கேலிப் பெயர். அவள் வைத்தியம் படித்தவள் இல்லை. தீவனத்திலும் பாலிலும் பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்பவள். நாத்தனார் ஐந்து பசுக்கள் வளர்த்து, பாலைக் குழந்தைகள் காப்பகத்துக்குக் கொடுத்துவந்தாள். திங்கட்கிழமை அந்தப் பாலில் நச்சு அளவுக்கு மீறி இருப்பதாக முடிவு வந்தது. காப்பகம் வாங்குவதை நிறுத்திவிட்டது. அடுத்த திங்களன்று மறுபரிசோதனை. அதிலும் தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று பொறுப்பாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

காய்ச்சித்தானே கொடுக்கிறார்கள், அப்புறம் என்ன நச்சு என்று நாத்தனார் கொதித்தாள். காய்ச்சினால் கிருமி சாகும், இது அசையாது என்றாள் டாக்டரம்மா. பூஞ்சை பிடித்த தானியத்தை மாடு தின்றால், அதிலுள்ள நச்சில் ஒரு சிறு பங்கு ஈரலில் உருமாறி மறுநாளே மடிக்கு வந்துவிடும். பெரியவர்கள் ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்வார்கள். பத்துக் கிலோ குழந்தைக்கோ பால்தான் பாதிச் சாப்பாடு. குடிக்கும் அளவை உடல் எடையால் வகுத்துப் பார்த்தால், பெரியவர்களைவிடப் பல மடங்கு அதற்குப் போய்ச் சேரும்.

"ஒரு நாள் குடிச்சதுக்குப் பயப்பட வேணாம் அண்ணி. மாசக்கணக்கா குடிச்சாத்தான் ஈரலுக்கு ஆபத்து."

செவ்வாயன்று நாத்தனார் தீவன மூட்டையிலிருந்து ஒரு பை சோளம் கொண்டுவந்தாள். ஒவ்வொரு மணியும் பல்வரிசை மாதிரி பளிச்சென்று இருந்தது. புதன்கிழமை முடிவும் அப்படியே: நச்சு இல்லை. வீண்பழி சுமந்தவளின் முகத்தோடு நாத்தனார் வீடு திரும்பினாள்.

டாக்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. வியாழன் விடியற்காலை தொழுவத்துக்குப் போய், ஐந்து மாடுகளின் பாலையும் தனித்தனிப் பாட்டிலில் பிடித்தாள். நான்கு சுத்தம். வீட்டுச் செல்லமான மகாராணியின் பாலில் மட்டும் நச்சு எகிறியது. கேனில் கலந்து, அது ஐந்தின் பாலையும் கெடுத்திருந்தது. ஒரே மூட்டை, ஒரே தொழுவம்; இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

சாயங்காலம் தீவனம் வைக்கும் நேரத்தில் போய் ஓரமாக நின்று கவனித்தாள். நாத்தனார் சோளத்தைச் சல்லடையில் சலித்தாள். முழு மணிகள் எல்லா மாடுகளுக்கும் போயின. கீழே விழுந்த நொறுங்கல், சூம்பல், பூச்சி அரித்தது எல்லாவற்றையும் ஒரு வாளியில் கூட்டி மகாராணியின் முன்னால் வைத்தாள். எதைக் கொடுத்தாலும் தின்பாள், வீணாக்குவானேன் என்றாள்.

"அண்ணி, எனக்குக் குடுத்த சோளம்?"

"சலிச்சு, பொறுக்கித்தான் குடுத்தேன். நீ வேலை பாக்குற இடத்துக்குக் கண்ட குப்பையை அனுப்ப முடியுமா? நாலு பேர் பாப்பாங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். பூஞ்சைக்கு முழு மணியின் தோலைத் தாண்டுவது கஷ்டம். உடைந்ததில் சுலபமாகக் குடியேறிவிடும் என்று விளக்கினாள். மூட்டையின் நச்சில் பெரும்பங்கு அந்த வாளியில்தான் சேர்ந்திருந்தது.

"உங்க சல்லடை நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு. வாளிதான் போகக் கூடாத இடத்துக்குப் போயிடுச்சு."

நாத்தனார் வாளியைப் பிடுங்கிப் போய்க் குழி தோண்டிக் கொட்டினாள். மகாராணியின் பாலும் சில நாட்களுக்குக் குழிக்கே போனது. தீவனம் மாறினால் மூன்று நான்கு நாளில் மடி தெளிந்துவிடும் என்று சொல்லியிருந்தும், நாத்தனார் தினமும் பாட்டிலோடு வந்து நின்றாள். வெள்ளியன்று அளவு பாதியாகியது. ஞாயிறன்று கருவியில் பதிவாகும் அளவுக்குக்கூட இல்லை.

மறுபரிசோதனையை, சொந்தக்காரர் சமாச்சாரம் என்பதால், டாக்டரம்மா சக ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டு வராந்தாவில் நாத்தனாரோடு உட்கார்ந்திருந்தாள். அவர் வெளியே வந்து தலையசைத்தார். செவ்வாயிலிருந்து பால் அனுப்பலாம்.

நாத்தனார் எழுந்து, புது மூட்டையின் மாதிரி என்று ஒரு பையை நீட்டினாள். மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்தில் அள்ளியதாம். உள்ளே தூசு, சூம்பல், ஒரு சணல் துண்டு.

"ஒரு மணியக்கூடப் பொறுக்கல. ஆனா யார் வீட்டுதுன்னு மட்டும் சொல்லிடாத."